ஆறாத புண்ணும் ஓயாத காலும்

வடசென்னையின் பழைய குடிகள் ஸ்டான்லி மருத்துவமனையை இன்றும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். 1782-இல் ஹைதர் அலியின் படையெடுப்பும் அதைத் தொடர்ந்த பஞ்சமும் சுற்றுக் கிராமத்து மக்களைச் சென்னைக்கு விரட்டின. கோட்டைக்கு வடக்கே மணியக்காரர் சத்திரத்தில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார்கள். பசியோடு வந்தவர்களில் பலர் நோயோடும் வந்தார்கள். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்ற மருத்துவர் நாட்டு மக்களுக்கென்று தொடங்கிய மருத்துவமனையும் சில ஆண்டுகளில் இந்தச் சத்திரத்தோடு சேர்ந்துகொண்டது. 1938-இல் ஆளுநர் ஸ்டான்லியின் பெயரில் மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தபோதும் அதன் வேர் அந்தக் கஞ்சித்தொட்டியில்தான் இருந்தது. இந்தத் தொடக்கத்தைத் தரும வரலாறாக மட்டும் படித்துவிட்டுப் போவது வழக்கம். எனக்கு இது மருத்துவ வரலாறாகவும் படுகிறது. காலில் புண்ணோடு வந்தவனுக்குச் சோறும் பாயும் கொடுத்து, சில வாரம் எழுந்து நடக்கத் தேவையில்லாமல் பார்த்துக்கொண்டால், அந்தப் புண்ணுக்கான சிகிச்சையில் பெரும்பகுதி அங்கேயே முடிந்துவிடுகிறது. ராயபுரம் முதல் எண்ணூர் வரையான இந்தத் துறைமுகக் கரையில் ஆறாப்புண் சிகிச்சை நடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். புண்ணின் மேல் எதைத் தடவினார்கள் என்பதைவிட, புண்பட்ட கால் எத்தனை நாள் சுமையில்லாமல் இருந்தது என்பதே புண்ணை ஆற்றியிருக்கிறது. சுமையை இறக்கிவைப்பது கூலியைப் பொறுத்த விஷயம் என்பதால், இது கூலியின் வரலாறும்தான்.

இந்தக் கரை காலால் உழைத்த கரை. துறைமுகம் கட்டத் தொடங்கிய 1875-க்கு முன்பு, கப்பல் சரக்கெல்லாம் மசூலா படகில் அலையைத் தாண்டி வந்தது. இடுப்பளவு நீரில் நின்று மூட்டையை இறக்கித் தோளில் ஏற்றினார்கள். 1856-இல் தென்னகத்தின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து புறப்பட்டதும் அதே தோள்களுக்கு இன்னொரு வேலை சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எண்ணூரில் அசோக் லேலண்டும் திருவொற்றியூரில் என்ஃபீல்டும் வந்தன. 1946-இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயர் ஆலையாக வளர்ந்தது. மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையமும் எழுந்தன. காசிமேட்டில் ஐஸ் பெட்டி இழுப்பவரும் மீன்கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக விற்கும் பெண்ணும் அன்று போலவே இன்றும் நாள் முழுக்க நிற்கிறார்கள், நடக்கிறார்கள். ஈரத்தில் ஊறிய தோல், சிப்பி ஓடு, ஆணி, சூடான இரும்புத் தூள் என்று காலைக் கிழிக்க ஆயிரம் வழி உண்டு. கிழிந்த கால் பெரும்பாலும் தானே ஆறிவிடும். ஆறாமல் போகிற சிலவற்றைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

ஆறாப்புண்ணை நம் பழைய மருத்துவம் அறியாமல் இல்லை. சித்த மருத்துவ நூல்கள் மதுமேகத்தின் முற்றிய நிலைகளில் பிளவையைச் சேர்த்துச் சொல்கின்றன. சர்க்கரைக்கும் சதை அழுகலுக்கும் உறவு உண்டு என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ஊமத்தை இலைச்சாற்றைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சி மயில்துத்தம் சேர்த்துச் செய்யும் மத்தன் தைலம் இன்றும் சித்த மருத்துவமனைகளில் புண்ணுக்குப் போடப்படுகிறது. மயில்துத்தம் செம்பு உப்பு. கிருமியைக் கொல்லும் குணம் அதற்கு உண்டு. ஆகவே இதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தைலம், களிம்பு, பின்னாளில் வந்த அயோடின் எல்லாமே புண்ணை மேலிருந்து பார்த்தன. புண்ணுக்கு அடியில் எலும்பு இருக்கிறது, எலும்பின் மேல் உடம்பின் எடை இருக்கிறது, ஒவ்வோர் அடியிலும் அந்த எடை புண்ணை நசுக்குகிறது என்பது கணக்கில் வர நெடுங்காலம் ஆயிற்று.

அந்தக் கணக்கு தொழுநோயிலிருந்து வந்தது. மணியக்காரர் சத்திரத்தின் அக்கம்பக்கத்தில், ராயபுரத்திலேயே, 19-ஆம் நூற்றாண்டில் தொழுநோயாளருக்கென்று அரசு மருத்துவமனை இருந்தது. 1920-களில் அவர்களைச் செங்கல்பட்டை அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரில் அமைந்த குடியிருப்புக்கு மாற்றினார்கள். உள்ளங்கால் புண் ஆறாமல் விரல் விரலாகக் குறைவது தொழுநோய்ச் சதையின் இயல்பு என்று மருத்துவர்களும் நம்பிய காலம் அது. 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், ராபர்ட் காக்ரேன் அழைக்கத் திருமணிக்குப் போய் அந்தக் கைகளையும் கால்களையும் பார்த்தார். அவர் பிற்பாடு சொன்ன ஒரு நிகழ்ச்சி புகழ்பெற்றது. துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. அருகில் நின்ற சிறுவன் சாவியை வாங்கிச் சட்டென்று திருப்பிவிட்டான். தரையில் ரத்தம் சொட்டியது. பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை. சதை கெட்ட சதை இல்லை. வலி என்ற காவல்தான் போய்விட்டது என்று பிராண்ட் முடிவுக்கு வந்தார். அறுத்துத் தைத்த இடம் மற்றவர்களுக்கு ஆறுவது போலவே தொழுநோயாளருக்கும் ஆறியதை அவர் அறுவை மேசையிலேயே கண்டார். பாதத்துப் புண் மட்டும் ஏன் ஆறவில்லை? வலிக்காததால் அவர்கள் அதன்மேலேயே நடந்தார்கள்.

இதற்கான மருந்து மாவுக்கட்டு. கொழும்பில் மில்ராய் பால் என்ற தமிழ் அறுவை மருத்துவரும் இந்தியாவில் கான் என்ற மருத்துவரும் பிராண்டுக்கு முன்பே இதைக் கையாண்டிருந்தார்கள். பிராண்ட் அதைச் செம்மைப்படுத்தி, 1960-களில் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றார். எலும்பு முறிவுக்குப் போடும் கட்டில் பஞ்சு தடிமனாக இருக்கும். இதில் அப்படியில்லை. புண்ணின் மேல் மெல்லிய துணி, விரல்களுக்கு இடையில் கொஞ்சம் பஞ்சு, காலுக்கு ஒரு மெல்லுறை, அவ்வளவுதான். அதன் மேல் ஈர மாவுப்பட்டையைச் சுற்றி, பாதத்தின் வளைவு, குதிகால், கணுக்கால் மொட்டு என்று ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் உள்ளங்கையால் அழுத்தித் தடவி ஒட்டவைப்பார்கள். எடை ஒரே புள்ளியில் இறங்காமல் பாதம் முழுக்கவும் கெண்டைக்கால் வரைக்கும் பரவிவிடும். முதல் கட்டைச் சில நாளிலேயே பிரிக்க வேண்டும். வீக்கம் வடிந்து கட்டு தளர்ந்திருக்கும், தளர்ந்த கட்டு உராய்ந்து புதுப் புண் போடும். பிரிக்கும்போது நாற்றம் குடலைப் பிடுங்கும். ஆனால் கழுவிப் பார்த்தால் வெளிறிக் கிடந்த குழி சிவந்து, ஓரம் உள்வாங்கி, சிறுத்திருக்கும். 1989-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்தக் கட்டுப் போட்ட சர்க்கரை நோயாளிகள் 21 பேரில் 19 பேருக்குச் சராசரியாக 42 நாளில் புண் ஆறியது. வழக்கமான டிரெஸ்ஸிங் மட்டும் செய்துகொண்ட 19 பேரில் 6 பேருக்குத்தான் ஆறியது. கட்டுக்குள் விசேஷ மருந்து எதுவும் கிடையாது.

ஓய்வு எப்படி மருந்தாகிறது என்பதற்குப் பிராண்ட் கார்வில்லில் செய்த எலிச் சோதனையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. உணர்விழக்கச் செய்த எலியின் பாதத்தில் ஒரு கருவி மிதமான அழுத்தத்தை நாளுக்குப் பத்தாயிரம் முறை கொடுத்தது. ஓர் அழுத்தம் என்று பார்த்தால் தீங்கற்றது. சில நாளில் பாதம் வீங்கியது, ஒரு வாரம் பத்து நாளுக்குள் சதை செத்துப் புண் விழுந்தது. இன்னொரு கூட்டத்துக்கு அதே அழுத்தத்தை நாளுக்கு எண்ணாயிரம் முறையாகக் குறைத்து, வாரத்தில் இரண்டு நாள் நிறுத்தினார்கள். அந்தப் பாதங்களில் புண் விழவில்லை. தோல் தடித்து உரமேறியது. கருவியும் அழுத்தமும் அதேதான். மாறியது எண்ணிக்கையும் வார விடுமுறையும். நாள் கூலிக்கு மூட்டை தூக்குகிறவருக்கு அந்த இரண்டு நாள் எங்கிருந்து வரும் என்ற கேள்வி இந்தச் சோதனைக்குள்ளேயே இருப்பதாக நான் நினைக்கிறேன்.

தொழுநோய் குறையக் குறைய, அதன் இடத்துக்குச் சர்க்கரை வந்தது. ஸ்டான்லியில் 1948-இல் எம். விஸ்வநாதன் சர்க்கரை நோய்க்கென்று தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954-இல் அதே ராயபுரத்தில் தன் மருத்துவமனையையும் தொடங்கினார். சர்க்கரை என்றால் பணக்காரர் நோய் என்று ஊரே சொன்ன காலத்தில், நாட்டின் முன்னோடிச் சர்க்கரை மருத்துவமனைகளில் ஒன்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் எழுந்தது கவனிக்க வேண்டியது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு தமிழகத்தில் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை என்று கணக்கிட்டது. நெடுநாள் சர்க்கரை, பாதத்து நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. செருப்பு கழன்று விழுந்தது தெரியாது, சிறு கல் குத்துவது தெரியாது. ராயபுரத்துக்கு வந்த கால்களின் கதை திருமணியில் கிடந்த கால்களின் கதையாகவே இருந்தது. அதனால் கருவிகளும் அங்கிருந்தே வந்தன. பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, பத்து கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டுப் பார்க்கிறார்களே, அந்தச் சோதனை கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் முறைப்பட்டதுதான். எம்.சி.ஆர். செருப்பும் அப்படியே. நுண்காற்றறைகள் கொண்ட மெத்தென்ற ரப்பரைக் கால்படும் அடுக்காகவும், கெட்டி ரப்பரை அடித்தட்டாகவும் வைத்து, பின்வார் போட்டுத் தைத்த செருப்பு. தொழுநோய்ப் பணியில் பிறந்தது.

ராயபுரத்து மருத்துவமனையும் அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து இந்தச் செருப்பைச் சோதித்து 2004-இல் முடிவை வெளியிட்டன. முன்பு காலில் புண் வந்து ஆறியவர்கள் 241 பேர். எம்.சி.ஆர். முதலான மூன்று வகை மெத்தடி வைத்த செருப்புகளைச் சிலருக்குக் கொடுத்தார்கள், மற்றவர்கள் தங்கள் வழக்கமான செருப்பையே போட்டார்கள். ஒன்பது மாதத்தில் சிகிச்சைச் செருப்புக்காரர்களில் 4 விழுக்காட்டினருக்கும் சொந்தச் செருப்புக்காரர்களில் 33 விழுக்காட்டினருக்கும் புதுப் புண் வந்தது. மூன்று வகை மெத்தடிகளுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. ஆக, விலை குறைந்த ரப்பரே போதும். இவ்வளவு நல்ல செருப்பைப் போடத் தயங்கியவர்களும் உண்டு. பார்த்தவுடன் தொழுநோயாளர் செருப்பு என்று அடையாளம் தெரிந்துவிடும் என்பது அந்தத் தயக்கத்தின் காரணம். இதை வீம்பு என்று ஒதுக்கக் கூடாது. ஒரு நோயை ஊருக்கு வெளியே தள்ளிவைத்த சமூகம், அந்த நோய் கண்டுபிடித்துத் தந்த செருப்பையும் சேர்த்துத் தள்ளிவைத்தது. வார், நிறம், வடிவம் மாற்றி மற்றவர்கள் போடும் செருப்பு போலச் செய்த பிறகே அது வீட்டு வாசலைத் தாண்டியது.

இங்கே எழும் மறுப்புகளைப் பார்க்க வேண்டும். முதலாவது, சர்க்கரை கட்டுப்படாமல், ரத்த ஓட்டம் சரியாகாமல், சீழைச் சுத்தம் செய்யாமல் வெறும் ஓய்வு என்ன செய்துவிடும்? நியாயமான மறுப்பு. ரத்தநாளம் அடைத்த காலுக்கு மாவுக்கட்டுப் போடுவது ஆபத்து. உள்ளே சீழ் வைத்து மூடுவது அதைவிட ஆபத்து. அழுகிய சதையைச் சுரண்டி எடுக்கும் அறுவை மருத்துவரின் கை இல்லாமல் பல புண்கள் ஆறுவதே இல்லை. ஆனால் மேலைநாட்டுக் கால்களை ஒப்பிடும்போது, தென்னிந்தியாவில் ரத்தநாள அடைப்பின் பங்கு குறைவு. நரம்பு மரத்துப்போவதும் அதன் மேல் ஏறும் கிருமித்தொற்றுமே முதன்மைக் காரணங்கள். அதாவது நம் மருத்துவமனைகளுக்கு வரும் கால்களில் பெரும்பங்கு, சுமையை இறக்கினால் ஆறக்கூடிய கால்கள். இன்று புண்ணின் மேல் பஞ்சுநுரை வைத்து, காற்றை உறிஞ்சி, நீரை வடிக்கும் இயந்திரம் வந்திருக்கிறது. அழுத்தமேறிய ஆக்சிஜன் அறை வந்திருக்கிறது. ஆழமான குழியை நிரப்ப அந்த இயந்திரம் நன்றாகவே உதவுகிறது. ஆனால் குழி நிரம்பியவர் பழைய செருப்பில் பழைய வேலைக்குப் போனால் அதே இடம் திரும்பப் பிளக்கும். விலையுயர்ந்த சிகிச்சை ஒரு முறை ஆற்றித் தரும், அவ்வளவுதான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. 2005-இல் அதே ராயபுரத்து மருத்துவமனை, ஆபத்து மிகுந்த கால்களுடைய 1,259 பேரைத் தொடர்ந்து பார்த்ததன் முடிவை வெளியிட்டது. பாதப் பராமரிப்பு அறிவுரையை ஒழுங்காகப் பின்பற்றியவர்களில் ஐந்தில் நால்வருக்கு மேல் புண் ஆறியது, பின்பற்றாதவர்களில் பாதிப்பேருக்குத்தான். இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வில்லை. கைவசதி உள்ளவர்களே அறிவுரையைப் பின்பற்றியிருக்கலாம், அவர்களுக்கு எப்படியும் நன்றாக ஆறியிருக்கும் என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். அந்தக் கேள்வி என் வாதத்தை உடைக்கவில்லை, பலப்படுத்துகிறது. காலைத் தூக்கி வைத்து உட்கார முடிந்தவருக்கு ஆறியது, முடியாதவருக்கு ஆறவில்லை என்றால், அந்த முடிவதும் முடியாததும் சிகிச்சைக்கு வெளியே இருக்கும் சங்கதி ஆகாது.

மூன்றாவது, நம் மக்களின் அலட்சியம். வெறுங்காலோடு அலைகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை என்ற சலிப்பு மருத்துவ வட்டாரத்தில் அடிக்கடி ஒலிப்பது. அரிசோனாவில் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு இந்தச் சலிப்பைச் சோதிக்க உதவும். பாதப்புண் உள்ள நோயாளிகளுக்குக் கழற்றக்கூடிய காப்புச் செருப்பைக் கொடுத்து, அவர்கள் எடுத்த அடிகளையும் செருப்பு எடுத்த அடிகளையும் தனித்தனியாகக் கருவி வைத்து எண்ணினார்கள். நாள் முழுக்க எடுத்த அடிகளில் 28 விழுக்காடுதான் அந்தச் செருப்போடு எடுத்தவை. படித்த, வசதியுள்ள நாட்டிலும் கால் அப்படித்தான் நடக்கிறது, ஏனென்றால் புண் வலிக்கவில்லை. காசிமேட்டுக்காரரை மட்டும் தனியே குற்றம் சொல்ல இதில் இடமில்லை. அவருக்கு அதற்கு மேல் இன்னொரு நெருக்கடி உண்டு: நடக்காத நாளில் அடுப்பு எரியாது. ஐந்து நாடுகளை ஒப்பிட்டு 2012-இல் வெளியான கணக்கீடு ஒன்று, சிக்கலான பாதப்புண்ணுக்கு முழுச் சிகிச்சை செய்ய இந்திய நோயாளிக்கு 5.7 ஆண்டு வருமானம் தேவைப்படும் என்று கண்டது.

சட்டம் இதை ஓரளவு கண்டுகொண்டிருக்கிறது. 1923-இன் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இயந்திரத்தில் துண்டான கால்விரலுக்கு விரல் விரலாக விழுக்காடு போட்டு வைத்திருந்தது. கையில் அடிபட்டு வந்தவர்களுக்கு ஆர். வெங்கடசாமி 1971-இல் ஸ்டான்லியில் தொடங்கிய கை அறுவைத் துறை உலக மருத்துவ நூல்களில் இடம்பெறும் அளவுக்கு வளர்ந்தது. இந்த ஆலை வட்டாரத்தின் நசுங்கிய விரல்களே அதற்குப் பாடசாலை. திடீரென்று நேர்ந்த காயத்துக்கு எல்லாருடைய கண்ணும் திரும்பும். மெல்ல அழுகும் விரலுக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை. ஆனாலும் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நெடுநாள் நோய்க்கென்று உள்ள நீட்டித்த உதவித்தொகைப் பட்டியலில் தொழுநோய் இருக்கிறது, சர்க்கரைப் பாதமும் இருக்கிறது. தகுதி உள்ள தொழிலாளிக்குக் கூலியில் 80 விழுக்காடு, இரண்டாண்டு வரை கிடைக்க வழியுண்டு. பாதப்புண்ணுக்குக் கூலியும் சிகிச்சையின் பகுதி என்று எழுதப்பட்டிருக்கிற இடம் இது. அதன் வாசலுக்கு வெளியேதான் மீன்கூடைக்காரப் பெண்ணும், ஐஸ் பெட்டி இழுப்பவரும், கட்டுமரக்காரரும் நிற்கிறார்கள்.

அவர்களுக்கு ஓய்வுக்குப் பணம் தருவது நடைமுறைக்கு ஒவ்வாது என்ற கடைசி மறுப்பு ஒன்று வரும். ஒவ்வுமா என்பதற்கு இதே கரையில் முன்மாதிரி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகள் கரையில் கட்டப்படுகின்றன. அந்தக் காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை தருகிறது. யார் மீனவர், எந்தக் குடும்பம், எந்தக் கணக்கு என்று பதிவேடு இருக்கிறது, நலவாரியம் இருக்கிறது. மாவுக்கட்டுக்குள் ஒரு பாதப்புண் ஆறப் பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம், 61 நாளைவிடக் குறைவு. ஸ்டான்லியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நைலான் இழையை வைத்துப் பாதத்தைச் சோதிக்கும் செவிலியர், கட்டுப் போட்ட தேதியைக் குறித்து ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க, அந்தச் சீட்டுக்கு மீனவர் நலவாரியமும் அமைப்புசாராத் தொழிலாளர் நலவாரியமும் அத்தனை வாரத்துக் கூலியைத் தர, ஆறிய பிறகு ஒரு ஜோடி எம்.சி.ஆர். செருப்பும் கொடுத்து அனுப்பினால் போதும். இதற்குப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவும் இல்லை.